தலைக்கு ஓரணா

1910 மார்ச் 18. அப்போது கல்கத்தாதான் தலைநகர். அங்கே வைஸ்ராயின் சட்டமன்றத்தில் கோபால கிருஷ்ண கோகலே எழுந்து ஒரு பட்டியலை வாசித்தார். உலக நாடுகளில் கல்விக்காகப் பொதுப்பணத்திலிருந்து ஆண்டுக்குத் தலைக்கு எவ்வளவு செலவாகிறது என்ற பட்டியல் அது. அமெரிக்காவில் 16 ஷில்லிங். சுவிட்சர்லாந்தில் 13 ஷில்லிங் 8 பென்ஸ். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 ஷில்லிங். ஜெர்மனியில் 6 ஷில்லிங் 10 பென்ஸ், பிரான்ஸில் 4 ஷில்லிங் 10 பென்ஸ். இப்படி இறங்கிக்கொண்டே வந்து ஜப்பானில் 1 ஷில்லிங் 2 பென்ஸ், ருஷ்யாவில் ஏழரைப் பென்ஸ். கடைசியில் இந்தியா. ஒரு பென்னி தேறுவதே கஷ்டம்.

அன்று ஒரு ரூபாய்க்கு 16 பென்ஸ் என்று மாற்று விகிதத்தை அரசு நிர்ணயித்திருந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பதால் ஒரு பென்னி சரியாக ஓரணா. நம் காசில் சொல்வதென்றால், அமெரிக்கா தன் மக்கள் ஒவ்வொருவருக்கும் 12 ரூபாய் செலவழித்தது, இங்கிலாந்து ஏழரை ரூபாய், ஜப்பான் 14 அணா. இந்தியாவை ஆண்ட அதே இங்கிலாந்து இந்தியருக்குக் கொடுத்தது ஓரணா. கோகலே காட்ட விரும்பியது இதைத்தான். ஆட்சியாளர்களின் புள்ளிவிவரத்தைக் கொண்டே அவர்களை வெட்கப்பட வைக்கும் இந்த உத்தி அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் நமக்குக் கைகொடுத்திருக்கிறது.

இந்தப் பட்டியலை வகுப்பில் ஒருமுறை கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இந்தத் தலைக்குங்கற கணக்குல பொம்பளைங்க தலையும் இருக்கா?"

இருக்கிறது. மொத்தச் செலவை மொத்த மக்கள்தொகையால் வகுத்துத்தான் ஓரணா வந்தது. வகுக்கும் எண்ணில் பாதி பெண்கள். பள்ளி வாசலையே பார்க்காத அந்தப் பெண்களையும் எண்ணியதால்தான் இந்தியாவின் எண் அத்தனை சிறியதாக, அத்தனை அவமானகரமாகத் தெரிந்தது. ஆனால் அதே நாளில் அதே உரையோடு கோகலே முன்வைத்த தீர்மானம் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியை ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கேட்டது. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சில காலம் விருப்பத்தின் பேரில் நடக்கட்டும் என்றார்.

கோகலேயைப் பெண் கல்வியின் எதிரி என்று சொல்லிவிட முடியாது. இன்றைய நிலையில் பெண்ணின் படிப்பு ஒரு வகையில் ஆணின் படிப்பைவிட முக்கியம் என்று அந்த உரையிலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அதைச் சுற்றியுள்ள சிரமங்கள் அதிகம் என்று அடுத்த மூச்சிலேயே தள்ளி வைக்கிறார். எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. பகைவன் மறுத்தால் சண்டை போடலாம். நம் பக்கத்து ஆள், முக்கியம்தான், ஆனால் இப்போது வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது?

1911-இல் அவர் கொண்டுவந்த மசோதாவும் இதே வழியில்தான் போனது. ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான பையன்களுக்குக் கட்டாயம். மாதம் பத்து ரூபாய்க்குக் குறைவாகச் சம்பாதிக்கும் பெற்றோருக்குக் கட்டணம் இல்லை. செலவில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு உள்ளாட்சிக்கு. பெண்களுக்கு விரிவுபடுத்தும் வழி காலப்போக்கில் என்று திறந்து வைக்கப்பட்டிருந்தது. பணமில்லை, மக்கள் கேட்கவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. 1912 மார்ச் 19 அன்று 38-க்கு 13 என்ற வாக்குகளில் மசோதா தோற்றது. பெண்களை விட்டுவிட்டாலாவது நிறைவேறும் என்ற கணக்கும் பலிக்கவில்லை.

சமூகம் அன்று தயாராக இல்லை என்று சொல்பவர்கள் கோகலேயின் பட்டியலிலேயே இருந்த ஜப்பானைப் பார்க்கலாம். 14 அணா என்பது அமெரிக்கச் செலவில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பணக்கார நாடும் இல்லை. 1872-இல் கல்விச் சட்டம் வந்தபோது அங்கேயும் மக்கள் கொண்டாடவில்லை. பள்ளிக் கட்டணமும் வரியும் தலையில் விழ, மறு ஆண்டே சில பகுதிகளில் விவசாயிகள் பள்ளிக்கூடங்களை எரித்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் காசு வேண்டும் என்றால் எந்த வீட்டிலும் முதலில் யாரை அனுப்புவார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கால் நூற்றாண்டு கழித்து, 1897-இலும் பள்ளி வயதுப் பெண்களில் பாதிப் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். பல சிறுமிகள் தம்பி தங்கையையோ அடுத்த வீட்டுக் குழந்தையையோ முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். குழந்தையோடு வந்து உட்கார்ந்து படிக்கட்டும் என்று அவர்களுக்காகவே தனிப் பள்ளிகள் நடந்தன. 1900-இல் அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. 1904 வாக்கில் சேர்ந்த பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டினார்கள்.

ஜப்பானைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. அந்தச் செலவின் பெரும்பகுதியைச் சுமந்தவை ஊராட்சிகள். 1906-க்கும் 1911-க்கும் இடையே நகர, கிராம நிர்வாகங்களின் வரவு செலவில் 43 சதவீதம் வரை கல்விக்கே போனது. பெண்ணைப் படிக்க வைத்ததும் நல்ல மனைவி, அறிவுள்ள தாய் என்ற அச்சில் வார்க்கத்தான். தையல் பாடம் இருந்தது. படித்து வெளியே வந்த ஏழைச் சிறுமிகள் பட்டு, பஞ்சாலைகளில் போய் விழுந்தார்கள். எழுத்து தெரிந்த கைகள் ஆலைக்கும் தேவைப்பட்டன. இருந்தாலும் எழுத்து அவர்கள் கையில் இருந்தது.

ஜப்பான் தூரம் என்றால் பரோடா பக்கத்தில்தான். சாயாஜிராவ் கெய்க்வாட் 1893-இல் அம்ரேலி பகுதியில் கட்டாயக் கல்வியைத் தொடங்கி 1906-இல் சமஸ்தானம் முழுவதும் கொண்டுவந்தார், பெண்களையும் சேர்த்து. பெண்களுக்கு மேல் வயது வரம்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். தலைக்குச் செலவு சுமார் ஆறரை அணா. பள்ளி வயதுப் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அங்கே படித்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் நூற்றுக்கு நான்கு பேர். குழந்தை மணமும் சாதியும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இந்த ஒப்பீட்டையும் கோகலே அறிந்திருந்தார், சபையில் சொல்லவும் செய்தார்.

பிறகு ஏன் பெண்கள் விடுபட்டார்கள்? செலவு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெண்ணுக்குத் தனிப் பள்ளி கேட்டார்கள், ஆசிரியை கேட்டார்கள். வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிட ஓர் ஆயாவும் வேண்டியிருந்தது. ஒரு பெண்ணைப் படிக்க வைக்க ஒரு பையனைவிடக் கூடுதல் பணம் ஆகும் என்றால், கொஞ்சப் பணத்தை வைத்துக்கொண்டு அதிக எண்ணிக்கை காட்ட நினைக்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படும் சிக்கனம் அதுதான்.

1911 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர். 1931-இல் மூன்று பேர். இடையே 1920-இல் சென்னை மாகாணத்துக்குத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. கட்டாயமாக்கும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்தது. பெரும்பாலான ஊர்களில் அதையும் பையன்களுக்குத்தான் பயன்படுத்தினார்கள். அடையாறில் 1917-இல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், கட்டாயம் என்றால் பெண்களுக்கும் சேர்த்துத்தான் என்று விடாமல் கேட்டது. ஹார்டாக் குழுவில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உறுப்பினராக இருந்தார். கல்வியை விரிவுபடுத்தும் ஒவ்வொரு திட்டத்திலும் இனி பெண்களின் பங்குக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 1929-இல் அந்தக் குழு எழுதியது. முக்கியம்தான் ஆனால் பிறகு என்பதை முதலில் என்று மாற்றி எழுத 19 ஆண்டுகள் ஆயின.

சுதந்திரத்துக்குப் பிறகு தலைக்கு எவ்வளவு என்பது போய் தேசிய வருமானத்தில் எத்தனை சதவீதம் என்ற ஒப்பீடு வந்தது. 1985-86-க்குள் 6 சதவீதம் என்று 1966-இல் கோத்தாரி குழு சொன்னது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6-ஐத்தான் சொல்கிறது. நாம் இன்னும் நாலைச் சுற்றித்தான் நிற்கிறோம். அந்த நாலில் பெண்ணுக்கு எவ்வளவு என்பதை அந்த எண் சொல்வதில்லை. மத்திய பட்ஜெட்டில் பெண்களுக்கு ஒதுக்கியதைத் தனியாகக் காட்டும் அறிக்கை முதன்முதலில் இணைக்கப்பட்டது 2005-06-இல். கோகலே பட்டியல் வாசித்து அப்போது 95 ஆண்டுகள் ஆகியிருந்தன.