பேராசை என்று யாரைச் சொல்கிறார்கள்?

எண்ணூரில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் சென்ற மாதம் புத்தகத்துக்குப் பதில் ஒரு படம் பார்த்தோம். ஜோடி ஃபாஸ்டர் இயக்கத்தில் 2016-இல் வெளிவந்த 'மணி மான்ஸ்டர்'. எந்தப் பங்கை வாங்கலாம் என்று தொலைக்காட்சியில் ஆடிப்பாடி யோசனை சொல்லும் தொகுப்பாளராக ஜார்ஜ் க்ளூனி நடித்திருப்பார். அவர் பேச்சை நம்பி, அம்மா இறந்தபின் கைக்கு வந்த 60,000 டாலரை ஒரே நிறுவனத்தில் போட்டு இழந்த இளைஞன், துப்பாக்கியோடு நேரலைக்குள் நுழைந்து அவரைப் பிணைக்கைதியாக்குகிறான். தன் பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிட அவனுக்கு முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரே இரவில் 80 கோடி டாலர் எங்கே போனது? 'கணினியில் கோளாறு' என்கிறது நிறுவனம்.

படம் முடிந்ததும் கல்லூரி முதலாண்டு படிக்கும் தங்கை ஒருவர் கேட்டார்: "அக்கா, இருந்த மொத்தப் பணத்தையும் ஒரே இடத்துல போட்டது அவனோட பேராசைதானே? எங்க தெருவுல சீட்டுல ஏமாந்தவங்களையும் அப்படித்தான சொல்றாங்க?"

அன்று எங்களால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குக் கொஞ்சம் வரலாற்றைப் புரட்ட வேண்டியிருந்தது.

சென்னையின் முதல் பெரிய நிதிச் சரிவு நம் பக்கத்தில்தான் நடந்தது. இன்று ராஜாஜி சாலை எனப்படும் கடற்கரைச் சாலையில் இருந்தது அர்பத்நாட் கம்பெனி. வெள்ளைக்காரர் நடத்தும் நிறுவனம், கவர்னர் மாளிகையில் செல்வாக்கு உள்ள குடும்பம் என்று நம்பி, ஓய்வூதியக்காரர்களும் வக்கீல்களும் அதிகாரிகளும் சேமிப்பைப் போட்டிருந்தார்கள். 1906 அக்டோபர் 22 அன்று கம்பெனி திவாலானது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. பணம் இழந்த யாரையும் அன்று பேராசைக்காரர் என்று சொல்லவில்லை. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்கை எடுத்தார், நகரத்தார் முதல் போட்டார்கள், 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. இழப்பு படித்த, மேல்சாதி, சொத்துள்ளவர்களுடையதாக இருந்தபோது அதற்கு ஒரு நிறுவனமே பதிலாக வந்தது.

1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி சரிந்தபோதும் அப்படித்தான். 1962 முதல் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு வந்தது. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்தப் பாதுகாப்பு உண்டு. சீட்டுக்கும் தனியார் நிதி நிறுவனத்தில் போடும் பணத்துக்கும் அது கிடையாது.

அந்தப் பாதுகாப்பான வங்கிக்குள் நம் தாத்தா பாட்டிகள் எப்போது நுழைந்தார்கள்? அடமானம் வைக்க நிலம் இல்லாதவர், ஜாமீன் போட ஆள் இல்லாதவர் வங்கியின் கணக்கில் மனிதரே அல்லர். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலும் சாதி உட்கார்ந்திருந்தது. அதனால்தான் 1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்கென்று தனிக் கூட்டுறவுச் சங்கங்களை அமைக்க வேண்டியிருந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகே வங்கிக் கதவு கொஞ்சம் திறந்தது. அந்தப் பதினான்கில் இந்தியன் வங்கியும் ஒன்று. அர்பத்நாட் விழுந்து 63 ஆண்டுகள் கழித்து.

இதை முன்பே யோசித்தவர் பாபாசாகேப். 'ரூபாயின் பிரச்சினை' என்று 1923-இலேயே நூல் எழுதிய பொருளியலாளர் அவர். 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற வரைவில், காப்பீடு அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும், வயதுவந்த ஒவ்வொருவரும் தம் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்றார். கூலிக்காரரின் சேமிப்பை எவருடைய நாணயத்தையும் நம்பி விடக்கூடாது, அதற்கு அரசே பொறுப்பு என்பதுதான் இதன் பொருள். நம் தெருவில் அந்த இடம் காலியாகவே இருந்தது. அதை நிரப்ப வந்தவைதான் தண்டலும் மீட்டர் வட்டியும் தீபாவளிச் சீட்டும்.

1990-களில் இன்னொன்று சேர்ந்தது: தொலைக்காட்சி. தனியார் சேனல்களும் நிதி நிறுவனங்களும் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பெருகின. தேக்கு மரம் வளர்த்துத் தருவதாகச் சொன்ன அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998-இல் சரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, பல நிறுவனங்கள் கைவிரித்ததால், முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் (டான்பிட்) வந்துவிட்டது. மோசடி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, முதலீட்டாளருக்குப் பிரித்துத் தர அது வழி செய்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் முடக்கி, விற்று, பிரித்துத் தருவதற்குள் ஆண்டுகள் ஓடுகின்றன. பெண்ணின் கல்யாணமும் பையனின் கல்லூரிக் கட்டணமும் அதுவரை காத்திருப்பதில்லை.

2012-இல் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தன. அவற்றுக்கும் தொலைக்காட்சியில் நடிகர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள். 2013-இல் மேற்கு வங்கத்தில் விழுந்த சாரதா குழுமம் ஒரு படி மேலே போய், நாளிதழ்களையும் சேனல்களையும் தானே வைத்திருந்தது. சென்னையின் ஆருத்ரா கோல்டு மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாக வழக்கு. 2022-இல் அது வெடித்தபோது, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் போட்டவர்களையும் செய்திச் சேனல்களில் பார்த்தோம். அடுத்த விவாத நிகழ்ச்சியின் கேள்வி என்ன தெரியுமா? மக்களின் பேராசைக்கு முடிவே இல்லையா என்பதுதான். விளம்பரத்துக்குக் காசு வாங்கிய ஊடகம் தன்னை அந்தக் கேள்விக்குள் வைத்துப் பார்க்கவில்லை.

அந்தத் தங்கைக்கு இப்போது சொல்கிறோம்: மாதம் 30 சதவீத வட்டி யாராலும் தர முடியாது, அதை நம்பக் கூடாது. இதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாரத் தவணைக்கும் தண்டலுக்கும் காலம் முழுக்க மிக அதிக வட்டி கட்டியே பழகிய ஒருவருக்கு, அந்த வட்டி ஒருமுறை தன் பக்கம் திரும்பும் என்று ஒருவர் சொன்னால், அது நடக்கக்கூடியதாகவே தோன்றும். அது பேராசை அல்ல. கடனிலிருந்து ஒரே தாவலில் வெளியேறும் ஆசை.

படத்துக்குத் திரும்புவோம். அந்த 80 கோடி டாலர் எங்கே போனது என்பது கடைசியில் தெரிகிறது. தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் பங்கு விலை விழுந்திருக்கிறது. முதலாளி அதை வாங்கிப் போட்டு, தொழிற்சங்கத் தலைவருக்குக் கையூட்டு கொடுத்து வேலைநிறுத்தத்தை முடிக்கப் பார்க்கிறார். அது முடியவில்லை, பணம் போய்விட்டது. அமெரிக்கச் சேமிப்பும் தொலைக்காட்சி ஆட்டமும் கறுப்பினத் தொழிலாளியின் கூலி மீது வைத்த சூதாட்டம். ஆனால் அந்தத் தொழிலாளர்கள் திரையில் ஏறக்குறைய இல்லை. நிஜத்தில், 2012 ஆகஸ்ட் 16 அன்று மாரிகானா பிளாட்டினச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

எண்ணூரில் வாழும் நமக்கு இது புரியாததல்ல. 2023 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது, அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அமோனியா கசிந்தது. கேமராக்கள் வந்தன, சில நாளில் போய்விட்டன. வணிகச் செய்தியில் நம் ஊர் எப்போதும் ஒரு பங்கின் விலையாக மட்டுமே வரும்.

2023 பொங்கலுக்கு வந்த 'துணிவு' படத்தில் வங்கியைப் பிடித்து வைத்து அதன் மோசடியை அம்பலப்படுத்தும் நாயகனுக்கு நம் தம்பிகள் விசிலடித்தார்கள். தப்பில்லை. ஆனால் 'மணி மான்ஸ்டர்' இளைஞன் கடைசியில் போலீஸ் குண்டுக்குச் சாகிறான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விளையாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். துப்பாக்கி பிடித்த தனி மனிதன் நேரலையில் வரலாம், கணக்கு கேட்டு வாங்க முடியாது.

கணக்கைக் கூட்டமாகத்தான் கேட்க முடியும். உங்கள் தெருவில் யாராவது ஏமாந்திருந்தால் முதலில் ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவில் டான்பிட் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க அவர்களோடு கூடப் போங்கள். தனியாகப் போகிறவரைத்தான் பேராசைக்காரர் என்று திருப்பி அனுப்புவார்கள்.

ஜெய் பீம்.