கரிசல் வட்டாரத்தின் மாலை உலாவும் கடைவீதி உணவும்

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் முதலிய ஊர்களில், வெயில் தாழ்ந்ததும் கடைவீதிக்கோ கண்மாய்க் கரைக்கோ காலாற நடந்து, வழியில் நின்று தின்று குடித்து, நாலு பேரிடம் பேசிவிட்டு வீடு திரும்புவது அன்றாட வழக்கம். அந்த வழக்கத்தையும் அதனோடு ஒட்டிய உணவுகளையும் இக்கட்டுரை விவரிக்கிறது. இவ்வட்டாரத்தைப் பற்றி எழுதுவோர் வறட்சியையும் பிழைப்புத் தேடி மக்கள் வெளியேறுவதையுமே முன்னிறுத்துவர். அவை உண்மைதான். ஆனால் இங்குள்ளோர் நாள்தோறும் ருசித்து மகிழ்பவற்றில் பெரும்பங்கு அதே வறண்ட மண் கொடுத்த பருத்தியும் பனையும் கம்பும் ஆடும்தான். அந்த மகிழ்ச்சியும் பதிவுபெற வேண்டிய பண்பாடே.

நிலமும் ஊர்களும்

1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது இன்றைய விருதுநகர் மாவட்டம். இதன் கிழக்குப் பகுதி வானம் பார்த்த பூமி. ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. அந்த நீரைக் கண்மாய்களில் தேக்கித்தான் வேளாண்மை நடக்கிறது.

அருப்புக்கோட்டை, நெசவும் வணிகமும் வளர்த்த நகரம். பழைய இராமநாதபுரச் சீமையில் நாடார் வணிகர்கள் நிலைகொண்ட ஆறு ஊர்களில் இதுவும் ஒன்று. தேவாங்கர், சௌராஷ்டிரர் முதலிய நெசவுச் சமூகத்தாரும் இங்கு வாழ்கின்றனர். குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழி, தேவாரப் பாடல் பெற்ற திருமேனிநாதர் கோயிலால் அறியப்பட்டது. 1879-இல் ரமண மகரிஷி பிறந்ததும் இவ்வூரில்தான். நரிக்குடி ஒன்றியத்தைச் சேர்ந்த வீரசோழனில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கின்றனர். சுற்றுப்பட்டி ஊர்களுக்கு அதன் சந்தையே கடைத்தெரு.

உலாவின் ஒழுங்கு

பங்குனி முதல் ஆவணி வரை நண்பகலில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. அப்போது விற்பது கம்மங்கூழும் மோரும் நுங்கும்தான். நான்கு மணிக்குமேல் டீக்கடைப் பாய்லர் மறுபடி சூடேறும். வடைச்சட்டி அடுப்பில் ஏறும். ஐந்தரைக்குக் கடைவீதி நிறையத் தொடங்கும். தறி நிறுத்திய நெசவாளி, காட்டு வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்தவர், கடைச் சிப்பந்தி, பள்ளி ஆசிரியர் எல்லோரும் ஒரே வீதியில் இருப்பார்கள். வாங்குவது ஒரு பொட்டலம் சேவாக இருக்கும். ஆனால் போய்வர ஒரு மணி நேரம் ஆகும்.

நடக்கும் இடங்கள் ஊருக்கு ஊர் மாறும். அருப்புக்கோட்டையில் கடைவீதியும் கோயில் தெருக்களும். திருச்சுழியில் கோயிலைச் சுற்றிய வீதிகளும் ஆற்றங்கரையும். சிற்றூர்களில் கண்மாய்க் கரை. மழைக்காலம் முடிந்து கண்மாயில் நீர் கிடக்கும் மாதங்களே கரையில் நடக்க ஏற்றவை. நீர்ப்பரப்பைத் தொட்டு வரும் காற்று குளிர்ந்திருக்கும். நாரையும் கொக்கும் இறங்கியிருக்கும். எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை நாளைக்குத் தாங்கும் என்ற பேச்சு தவறாமல் நடக்கும்.

மாலைக் கடைவீதியில் பூக்கடைக்குத் தனி இடம் உண்டு. இவ்வட்டாரத்தில் விளையும் மல்லிகை, 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையின் குடும்பத்தைச் சேர்ந்தது. காலையில் பறித்த மொட்டு சாயங்காலம் விரியத் தொடங்கும். முழம் போட்டு வாங்கிப் போகும் நேரமும் அதுவே.

உணவுகள்

பருத்திப்பால்: பருத்திச் சீமையின் தனிப் பானம். பருத்திவிதையை இரவு ஊறவைத்து, மறுநாள் ஆட்டி, துணியில் இரண்டு மூன்று தடவை பிழிந்து பால் எடுப்பார்கள். அதைக் கொதிக்கவிட்டு, கரைத்த அரிசி மாவை ஊற்றி, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை வாடை போனதும் கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய் சேரும்; இறக்கியபின் தேங்காய்த் துருவல். தள்ளுவண்டியில் பெரிய பாத்திரத்தைத் துணி சுற்றிச் சூடு ஆறாமல் வைத்து, டம்ளரில் ஊற்றித் தருவார்கள். கூழைவிட இளக்கமாக, பாலைவிடக் கெட்டியாக இருக்கும். மார்கழிக் குளிரில் நெஞ்சுச் சளிக்கு நல்லதென்று குடிப்போர் பலர்.

எண்ணெய் பரோட்டா: விருதுநகரில் பெயர்பெற்று மாவட்டமெங்கும் பரவியது. மைதா மாவை எண்ணெய் விட்டுப் பிசைந்து ஊறவைத்து, உருட்டி, வீசி, மடித்துச் சுருட்டித் தட்டுவது வரை மற்ற பரோட்டாவைப் போலத்தான். அதன்பின் குழிந்த பெரிய கல்லில் தேங்கி நிற்கும் எண்ணெயில் போட்டுப் பொரித்தெடுப்பார்கள். உள்ளங்கை அளவில், ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் ஏடு ஏடாக வரும். பிய்த்துப் போட்டு, தேங்காயும் கசகசாவும் பெருஞ்சீரகமும் அரைத்த சால்னாவில் ஊறவைத்துத் தின்பதே முறை. 1962-க்குப்பின் பர்மாவிலிருந்து தமிழர் திரளாகத் திரும்பினர். விருதுநகரில் ‘பர்மா கடை’ என்ற பெயர் பரோட்டாவோடு ஒட்டிப்போனதில் அந்தத் தொடர்பின் தடம் தெரிகிறது.

சேவும் மிட்டாயும்: சாத்தூர் காராசேவு இவ்வட்டாரக் கடைகள் அனைத்திலும் கிடைக்கும். கடலைமாவு, அரிசிமாவு, வற்றல், பூண்டு சேர்த்துப் பிசைந்த மாவை ஓட்டைக் கரண்டியில் வைத்துக் கையால் தேய்க்க, எண்ணெயில் துண்டு துண்டாய் விழும். மிளகுச் சேவும், பாகில் புரட்டிய இனிப்புச் சேவும் உண்டு. அரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவைப் பிழிந்து பொரித்துக் கருப்பட்டிப் பாகில் முக்கியெடுப்பது கருப்பட்டி மிட்டாய். மாவட்டத்தின் மேற்கிலிருந்து வரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இலும், தெற்கே கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலும் புவிசார் குறியீடு பெற்றன.

பனையும் கம்பும்: சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீரை விடியலில் ஓலைப் பட்டையில் குடிப்பது கோடைக்கால வழக்கம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கம்மங்கூழுக்குச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு, சுண்டவற்றல் தொடுகறி.

அதலைக்காய்: கரிசல் காட்டில் யாரும் விதைக்காமல், மழை விழுந்ததும் நிலத்தடிக் கிழங்கிலிருந்து கொடியாகப் படர்வது. பாகற்காயின் உறவு, சுண்டுவிரலைவிடச் சிறியது, மெல்லிய கசப்பு. பறித்துச் சிறிது நேரம் வைத்தால் காய் வெடித்துவிடும். ஆகவே தொலைதூரச் சந்தைக்கு இது போவதில்லை; அன்று பறித்ததை அன்றே உள்ளூரில் விற்றாக வேண்டும். காம்பும் நுனியும் கிள்ளி, வெங்காயத்தோடு முழுசாக வதக்கினால் சோற்றுக்கு அதற்கு இணையான தொடுகறி அரிது. ஐப்பசி, கார்த்திகைச் சந்தைகளில் பெண்கள் படியால் அளந்து விற்பார்கள்.

சந்தையும் நோன்பும்

வாரச் சந்தை, உலா ஒரு நாள் முழுக்க விரிவது போன்றது. மேய்ச்சல் நிலம் மிகுந்த இப்பகுதியில் வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு போன்ற நாட்டுச் செம்மறி இனங்கள் வளர்கின்றன. சந்தைக்கு ஆடு பிடிக்க வந்தவர் சுக்காவும் குடல் குழம்பும் தின்னாமல் திரும்புவதில்லை.

ரமலான் மாதத்தில் வீரசோழன் போன்ற ஊர்களின் மாலை வேறாகிறது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால் சேர்த்துப் பள்ளிவாசலில் பெரிய அண்டாக்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவர். இதற்கெனத் தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குகிறது. அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப்பின் தூக்குவாளியோடு சிறுவர் வரிசை நிற்கும். அந்த வரிசையில் பிற சமயத்து அண்டை வீட்டாரும் உண்டு. நோன்பு திறந்தபின், இரவுத் தொழுகை முடிந்து நள்ளிரவு வரை கடைத்தெரு விழித்திருக்கும்.

யாருடைய உலா

இந்த மகிழ்ச்சி எல்லோருக்கும் ஒருபோல் திறந்திருந்ததில்லை. டீக்கடைப் பெஞ்சு இன்றும் பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்களின் மாலை கோயில், பூக்கடை, ஜவுளிக்கடை, தெருவாசல் என்ற வட்டத்தில் அமைகிறது. பொங்கல் விழாக் காலங்களில்தான் அவர்கள் இரவு வெகுநேரம் கடைவீதியில் நடப்பார்கள். தென்மாவட்டச் சிற்றூர் டீக்கடைகளில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குவளை வைத்த கொடுமை நெடுங்காலம் நீடித்தது. 1955-இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமே இத்தகைய ஒதுக்கலைத் தண்டனைக்குரியதாக்கியது. பெரிய ஊர்களின் பேருந்து நிலையக் கடைகளில், முகமறியாதவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்றது இவ்வகையில் பெரிய மாற்றம்.

பிற நாடுகளோடு ஒப்பு

இத்தாலிய நகரங்களில் இரவு உணவுக்கு முன் குடும்பமாக முதன்மை வீதியிலும் சதுக்கத்திலும் நடப்பது ‘பாசெஜ்ஜாட்டா’ எனப்படும். அங்கும் உலாவின் பயன் எங்கேனும் போய்ச் சேர்வதன்று. கண்டு பேசுவது, ஒரு ஜெலாட்டோ தின்பது, திரும்புவது. நேப்பிள்ஸ் பீட்சா செய்கலை 2017-இலும், சிங்கப்பூரின் தெருவுணவுப் பண்பாடு 2020-இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறின. சிங்கப்பூர் உணவங்காடிகளில் தமிழ் முஸ்லிம்களின் பரோட்டாக் கல்லுக்கும் இடமுண்டு என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இலக்கியத்திலும் இன்றும்

கரிசல் மக்களின் பேச்சையும் அன்றாட வாழ்வையும் இலக்கியமாக்கியவர் இடைசெவல் கிராமத்தில் பிறந்த கி. ராஜநாராயணன் (1923–2021). அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ நாவல் கரிசல் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. 2018-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

இன்று கம்பும் குதிரைவாலியும் அன்றாட அடுப்பிலிருந்து விலகி, 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டுக்குப்பின் நகரக் கடைகளில் விலையுயர்ந்த பொட்டலங்களாகத் திரும்பியுள்ளன. பனையேறிகள் குறைந்ததால் நல்ல கருப்பட்டி அரிதாகிறது; பருத்திப்பாலில் சர்க்கரை நுழைகிறது. கண்மாய்களைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது; 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபின் பல இடங்களில் வெட்டப்பட்டாலும், அது மீண்டும் முளைத்துக் கரையை மறிக்கிறது. கண்மாயைத் தூர்வாருவதும் பனை வளர்ப்பதும் வேளாண் துறையின் வேலை மட்டுமல்ல. கரை இருந்தால்தான் நடக்க இடம். பனையும் பருத்தியும் இருந்தால்தான் கையில் ஒரு டம்ளர் பால். இவ்வட்டாரத்தின் மாலைப்பொழுது அவற்றைக் காப்பதில் அடங்கியிருக்கிறது.