கயிறு, ராத்தல், தூரம்: பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு நடை

கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள் காலை ஆறு மணிக்குச் சேப்பாக்கம் ரயில் நிலையத்தின் அடியிலிருந்து நடக்கத் தொடங்கினேன். போய்ச் சேர வேண்டிய இடம் அடையாறு. அவசரம் ஒன்றுமில்லை, சும்மா நடக்க வேண்டும், அவ்வளவுதான். பாரிஸ் நகரத்து ஊர்சுற்றியைப் பற்றி வால்ட்டர் பெஞ்சமின் எழுதியதைப் படித்த பிறகு நம்மில் பலருக்கும் இப்படி ஒரு ஆசை வந்துவிடுகிறது: நகரத்தை ஒரு பிரதியாக வாசித்துவிடலாம் என்று. ஆனால் பக்கிங்காம் கால்வாயின் கரையில் 'சும்மா நடப்பது' என்பது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரியம். இந்தக் கரை நடப்பதற்காகத்தான் போடப்பட்டது. சும்மா நடப்பதற்காக அல்ல.

இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் பெரும்பாலும் குதிரைகள் படகை இழுத்தன. குதிரைகள் நடந்த அந்தக் கரைப்பாதைகள் இன்று கோடைக்காலத்தில் குடும்பத்தோடு உலாவப்போகிற இடங்களாகிவிட்டன. இங்கே இழுத்தது மனுஷர்கள். காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள், கோல் எட்டுகிற ஆழத்தில் கோல் ஊன்றுவார்கள், மற்ற நேரமெல்லாம் கயிறு. படகில் கட்டிய நீளக் கயிற்றின் மறுமுனையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆள் கரையில் நடக்க வேண்டும். விறகு, உப்பு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் என்று இந்த நகரம் எரித்ததும் தின்றதும் கட்டிக்கொண்டதும் இப்படி யாரோ ஒருவருடைய தோளில் வந்து சேர்ந்தவைதான். 1930களில் பாரதிதாசன் நண்பர்களோடு இதே கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார், 'மாவலிபுரச் செலவு' என்று அதைக் கவிதையாகவும் எழுதினார். சுற்றுலாவும் சுமையும் ஒரே தண்ணீரில்தான் போய்க்கொண்டிருந்தன.

கால்வாயின் கதையைப் பாடநூல் சொல்கிற வரிசையில் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற ஒப்பந்தக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டி, படகுகளிடம் சுங்கம் வாங்கினார். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. வடக்கே பழவேற்காட்டையும் தாண்டி ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம்வரை, தெற்கே மரக்காணம்வரை நீட்டியதில் சுமார் 420 கிலோமீட்டர். பேசின் பிரிட்ஜ் என்கிற பெயரில் இருக்கும் 'பேசின்' அந்தக் காக்ரேன் காலத்துப் படகுத்துறையின் மிச்சம். வடக்கே போகிற இந்த நீர்வழிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சென்னைக்கு விறகு வேண்டும் என்பதற்காக 1835இல் ஸ்ரீஹரிகோட்டா காட்டை அரசு எடுத்துக்கொண்டபோது, அங்கே இருந்த யானாதிகள் 'நாகரிகப்படுத்த வேண்டியவர்களாக' ஆவணங்களில் நுழைகிறார்கள். காடு தேவைப்படுகிறபோதுதான் காட்டில் இருப்பவன் காட்டுமிராண்டி ஆகிறான். 1971 முதல் அதே தீவிலிருந்து ராக்கெட் பறக்கிறது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

நான் நடந்த துண்டு வேறு. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையிலான இந்த 8 கிலோமீட்டர்தான் கடைசியாக வெட்டப்பட்டது. வெட்டிய வருஷம் 1877-78. தாது வருஷப் பஞ்சத்தின் வருஷம்.

அந்தச் சமயத்தில் கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். கால்வாய்க்கு அவர் பெயர். வெட்டியவர்களுக்கு ஆவணத்தில் உள்ள பெயர் 'நிவாரணம் பெற்றோர்'. நமது வரலாறெழுதியல் இந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் கால்வாயைப் பற்றி எழுதுகிறவர்கள் 'பஞ்ச நிவாரணப் பணியாகக் கட்டப்பட்டது' என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். யார் யாருக்கு நிவாரணம் கொடுத்தது? கால்வாயில் விட்டுப்போயிருந்த ஒரு இடைவெளி பல வருஷமாக அரசுக்கு இடைஞ்சலாக இருந்தது. பசித்தவர்கள் வந்து அதை வெட்டிக் கொடுத்தார்கள். கிடைத்தது அன்றன்றைக்கு உயிர் தரிக்க ஒரு அளவு.

அந்த அளவைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி ரிச்சர்டு டெம்பிள் பஞ்சப் பகுதிகளைப் பார்வையிட வந்தார். இதே டெம்பிள் 1874இல் பீகாரில் பர்மா அரிசியை இறக்கிச் சாவுகளைப் பெருமளவு தடுத்தவர். அதற்காகவே 'ஊதாரி' என்று ஏச்சு வாங்கியவர். இந்தத் தடவை அந்தக் கறையைக் கழுவிக்கொள்ள வேண்டியிருந்தது. நிவாரண வேலையில் வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட உப்புப் புளிக்குக் கொஞ்சம் சில்லறை என்று விதித்தார். மண் வெட்டுகிறவனுக்கு இது போதுமா என்று கேட்டவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். இருவருக்கும் காகிதத்தில் பெரிய சண்டை நடந்தது. சில மாதங்களில் கூலி ஓரளவு உயர்ந்தது. மைக் டேவிஸ் 2001இல் வெளிவந்த தன் நூலில், இந்த ராத்தலின் கலோரி 1944இல் புகன்வால்ட் முகாமில் கொடுத்ததைவிடக் குறைவு என்று அட்டவணை போட்டுக் காட்டுகிறார். அதிர்ச்சி தருகிற ஒப்பீடுதான். ஆனாலும் நம் பசிக்கு ஜெர்மனியிலிருந்து சான்றிதழ் வாங்க வேண்டுமா என்று எனக்கு ஒரு உறுத்தல் உண்டு.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது ராத்தல்கூட அல்ல, இன்னொரு விதி. நிஜமாகவே பசித்தவன் யார், பசித்ததுபோல நடிக்கிறவன் யார் என்று பிரித்தறிய அந்த வருஷம் அதிகாரிகள் 'தூரச் சோதனை' என்று ஒன்று வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்து பத்து மைலாவது தள்ளியிருக்கிற வேலையில்தான் ஆளை எடுக்க வேண்டும். உண்மையான பசி நடக்கும், போலிப் பசி வீட்டிலேயே உட்கார்ந்துவிடும் என்பது தர்க்கம். உடலைக் கண்காணிக்கும் அதிகாரம் பற்றி ஃபூக்கோவை வைத்து எவ்வளவோ பேசுகிறோம். பத்து மைல் நடக்கவைத்துப் பசியை நிரூபிக்கச் சொன்ன இந்த ஏற்பாடு நம் பேச்சில் வரவே இல்லை. நடக்க முடியாமல் வழியிலேயே விழுந்தவர்கள், நிர்வாகத்தின் கணக்குப்படி, சோதனையில் தேறாதவர்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு நேராக உட்பட்ட பகுதிகளில் மட்டும் அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்ததாக மதிப்பிடுகிறார்கள்.

திருவல்லிக்கேணி தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. கரை என்று இன்று இருப்பது துண்டு துண்டாகத்தான். கொஞ்ச தூரம் போனால் சுவர், திரும்பித் தெருவுக்கு வந்து, அடுத்த சந்தில் இறங்கி மறுபடி கரையைப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே பறக்கும் ரயில். அதன் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கியிருக்கின்றன. கருத்த தண்ணீர் தூணைச் சுற்றிக்கொண்டு நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. 1995இல் சேப்பாக்கம்வரை, 1997இல் மயிலாப்பூர்வரை, 2007இல் வேளச்சேரிவரை ரயில் வந்தது. கால்வாய்க்குள் தூண் நட்டதற்கு 'வளர்ச்சி' என்று பெயர்.

மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்ற பெயர் படகில் காய்கறி வந்து இறங்கிய காலத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. அதைத் தாண்டி மந்தைவெளிப் பக்கம் கரையோரத்தில் ஒரு கிழவி மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் குனிந்து குனிந்து தண்ணீரைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"இன்னா தம்பி, காவாயில எதுனா உழுந்துடுச்சா?"

இல்லைம்மா, சும்மா பார்க்கிறேன் என்றேன்.

"இத்தப் போயி சும்மா பாக்குறியா!" என்று சிரித்தார். பிறகு, "எங்க நைனா இதுல கவுறு இஸ்த்தவரு. மரக்காணத்துலேர்ந்து உப்பு வரும். தோள்ல இங்க..." என்று தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார், "மாட்டுக்குக் காப்புக் காச்சுதே, அந்த மாரி காச்சிருக்கும். சாவுற வரிக்கும் போவல."

பஞ்சத்தில் இதை வெட்டிய கதை தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? ஆனால் அடுத்து அவர் சொன்னது எனக்கு அந்தக் கதையின் தொடர்ச்சியாகத்தான் கேட்டது. அவருடைய மகள் குடும்பம் இதே கரையில் இருந்தது. 'ஆக்கிரமிப்பு' என்று இடித்துவிட்டு பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். மகளுக்கு வீட்டு வேலை இன்னும் மந்தைவெளியில்தான்.

"நாலரைக்கு எய்ந்து கிளம்புது. பஸ்ஸு பொம்பளைங்களுக்கு ஃபிரீதான், இல்லேன்னு சொல்லல. நேரம் ஃபிரீயா தம்பி?"

2000 வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்கப்புறம் பெரும்பாக்கம் என்று தெற்கே அடுக்குமாடிகள் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு நீர்க்கரைகளில் இருந்தவர்களை அங்கே அனுப்பும் வேலை வேகம் பிடித்தது. வெள்ளத்துக்குக் காரணமாகச் சுட்டப்பட்டது குடிசைகள்தான். ஆற்றையும் சதுப்பையும் மறித்து நிற்கிற பெரிய கட்டடங்கள் அந்தச் சொல்லாடலுக்குள் வரவே இல்லை. சேப்பாக்கத்திலிருந்து கண்ணகி நகருக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர், பெரும்பாக்கம் இன்னும் தள்ளி. பத்து மைல் என்பது 16 கிலோமீட்டர். யாரும் இதைச் சோதனை என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் பழைய வேலையை விடாமல் தினம் வருகிறவள், வர முடியாமல் நின்றுபோனவள் என்று தூரம் ஆட்களைப் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை நிறுத்திய பேரனைப் பற்றியும் கிழவி சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

நீர்வழிக் கரையில் குடியிருப்பது பாதுகாப்பானது, அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சாக்கடை நாற்றத்தில் பிள்ளை வளர்ப்பதை ஒரு 'வாழ்முறை' என்று கொண்டாடும் சில தோழர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. பக்கத்திலேயே இடம் கொடுங்கள் என்பதுதான் அந்த மக்கள் கேட்டது. பக்கத்து இடத்துக்கு விலை அதிகம். தூரம் மலிவு. டெம்பிளுக்கும் அதுதான் மலிவாக இருந்தது.

"வெயில்ல நிக்காத, போ" என்றார் கிழவி. "அடையாறு வரிக்கும் கரையிலயே போவ முடியாது, அங்க செவுரு வெச்சிட்டான். ரோட்டு மேல ஏறிக்கோ."

அவர் சொன்ன இடத்தில் சுவர் இருந்தது. தெருவுக்கு ஏறி, கிரீன்வேஸ் சாலை நிலையத்துக்குப் போய் டிக்கெட் எடுத்தேன். மூன்று மணி நேரம் நடந்த தூரத்தை ரயில் கால் மணிக்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபோது கூடை இருந்தது, கிழவியைக் காணோம்.