தூணைச் சாய்த்தவர்களும் சூப்பை வீசியவர்களும்

பாரிஸில் உள்ள லூவ்ர் அருங்காட்சியகத்தில் 2024 ஜனவரி 28 அன்று இரண்டு பெண்கள் மோனாலிசா ஓவியத்தின் மீது பூசணிக்காய் சூப்பை வீசினார்கள். கலை முக்கியமா, எல்லோருக்கும் நல்ல உணவு கிடைப்பது முக்கியமா என்று அங்கேயே நின்று கேட்டார்கள். ஓவியத்துக்கு முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முன் 2022 அக்டோபர் 14 அன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் வான்கோவின் சூரியகாந்தி மீது தக்காளி சூப் விழுந்தது. அங்கும் கண்ணாடி இருந்தது. சட்டத்துக்கு மட்டும் சேதம். 2024 ஜூன் 19 அன்று ஸ்டோன்ஹெஞ்ச் கற்களின் மீது ஆரஞ்சு நிறச் சோளமாவுத் தூளைத் தெளித்தார்கள்.

பூமி சூடாவதைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். "பெட்ரோலுக்கும் படத்துக்கும் என்னய்யா சம்பந்தம், கொழுப்பெடுத்த பிள்ளைகள்" என்பது நம் வயதுக்காரர்கள் கூடும் இடங்களில் கேட்கும் தீர்ப்பு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்த எனக்கு, இது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த வித்தை இல்லை என்று தெரியும். ஆகவே தீர்ப்புக்கு முன் பழைய கோப்புகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

நம் ஊரில் கொம்யூன் என்றால் பஞ்சாயத்துதான் நினைவுக்கு வரும். நான் சொல்லப் போவது 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கொம்யூன். வாந்தோம் சதுக்கத்தில் நெப்போலியன் தன் ஆஸ்டர்லிட்ஸ் வெற்றிக்காக எழுப்பிய வெண்கலத் தூண் ஒன்று இருந்தது. எதிரிகளிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி அதன் தகடுகளை வார்த்தார்கள். உயரம் 44 மீட்டர். பாரிஸைக் கையில் எடுத்த கொம்யூன், இது முரட்டு பலத்தின் சின்னம், தோற்றவர்களுக்கு அவமானம் என்று சொல்லி ஏப்ரல் 12 அன்று இடிக்க ஆணை போட்டது. மே 16 அன்று கீழே வைக்கோலும் எருவும் பரப்பி, கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள்.

அடுத்த வாரமே அரசுப் படை நகருக்குள் புகுந்தது. பல ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்தச் சண்டையில் துய்லெரி அரண்மனை எரிந்தது, லூவ்ரின் நூலகமும் எரிந்தது. எல்லாம் அடங்கிய பிறகு தூணுக்குக் கணக்குக் கேட்டார்கள். சிக்கியவர் ஓவியர் கூர்பே. 1870 செப்டம்பரில் தூணைக் கழற்றி எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் அவர். ஆனால் இடிக்க ஆணை போட்ட நாளில் அவர் கொம்யூன் உறுப்பினரே இல்லை. சில நாள் கழித்துத்தான் தேர்வானார். முதலில் 6 மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதித்தார்கள். பிறகு தூணைத் திரும்பக் கட்டும் செலவும் அவர் தலையில் விழுந்தது. தொகை 3,23,091 பிராங்க். ஆண்டுக்கு 10,000 வீதம் 33 ஆண்டுகள் கட்ட வேண்டும். அவர் சுவிட்சர்லாந்துக்கு ஓடிப் போனார். முதல் தவணை 1878 ஜனவரி 1 அன்று கட்ட வேண்டியது. 1877 டிசம்பர் 31 அன்று இறந்துவிட்டார். வாழ்நாளெல்லாம் தவணையும் நிலுவையும் எழுதிய குமாஸ்தா நான். இப்படி ஒரு கணக்கு முடிந்ததை எந்தப் பேரேட்டிலும் பார்த்ததில்லை.

இரண்டாவது கோப்பு லண்டனுடையது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எம்மலின் பாங்க்ஹர்ஸ்டைக் கைது செய்த மறுநாள், 1914 மார்ச் 10 அன்று, மேரி ரிச்சர்ட்சன் என்ற பெண் கைக்கோடரியோடு தேசிய ஓவியக்கூடத்துக்குள் போனார். வெலாஸ்கெஸ் வரைந்த வீனஸ் ஓவியத்தைப் பல இடங்களில் வெட்டினார். அரசாங்கம் ஒரு உயிருள்ள பெண்ணை அழிக்கிறது, அதைப் பார்த்து வராத கோபம் படத்தில் உள்ள பெண்ணுக்காக மட்டும் ஏன் வருகிறது என்பது அவர் வாதம். தண்டனை 6 மாதம். ஓவியத்தைப் பிறகு சீர் செய்தார்கள். 1918இல் 30 வயது கடந்த பெண்களில் பெரும்பாலோருக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாக எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது. கோடரியால் வந்ததா, உலகப் போரில் பெண்கள் செய்த வேலையால் வந்ததா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரான்ஸில் பெண்கள் பெரும்பாலும் மனுப் போட்டார்கள், கூட்டம் நடத்தினார்கள். 1922இல் செனட் சபை அவர்கள் கோரிக்கையைத் தள்ளியது. வாக்குரிமை கிடைத்தது 1944இல்தான். பொறுமையாகக் கேட்டவர்களுக்கு மரியாதை கிடைத்தது, உரிமை தாமதமாகக் கிடைத்தது. 2023 நவம்பர் 6 அன்று "ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்" இயக்கத்தார் இருவர் அதே வீனஸ் ஓவியத்தின் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்தபோது, அந்தப் பழைய போராளிகளைத்தான் சாட்சிக்கு அழைத்தார்கள்.

சரி, நியாயமா இல்லையா?

கொம்யூன் காரர்கள் செய்தது எனக்குச் சம்மதம் இல்லை என்றாலும் புரிகிறது. அந்தத் தூண் போரைப் புகழ்ந்தது, அவர்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். சூரியகாந்திப் பூக்கள் யாரிடமும் எண்ணெய் தோண்டச் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒரு மனு தவறான பிரிவுக்குப் போனால் என்ன ஆகும்? கோரிக்கை எவ்வளவு நியாயமானாலும் அங்கே இருப்பவர் முத்திரை குத்தித் திருப்புவார், அல்லது கட்டில் போட்டு வைப்பார். சூப் வீசியவர்கள் செய்ததும் அதுதான். விலாசம் தவறு.

இதற்கும் அவர்களிடம் பதில் உண்டு. 2022 ஏப்ரலில் அதே இயக்கம் இங்கிலாந்தில் எண்ணெய்க் கிடங்குகளின் வாசலை மறித்தது. விலாசம் சரி. ஆனால் உலகம் அவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டது தக்காளி சூப்புக்குப் பிறகுதான். இது நம்மையும் சேர்த்துக் குற்றம் சாட்டுகிற பதில், அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. ஆனாலும் திரும்பிப் பார்ப்பது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. ரொட்டிக் கடைத் தொழிலாளர்களுக்கு இரவு வேலையை ஒழித்தது, மதச்சார்பற்ற கல்வியைக் கேட்டது என்று கொம்யூன் எத்தனையோ நல்ல காரியம் செய்தது. ஜனங்கள் நினைவில் நின்றது விழுந்த தூணும் எரிந்த அரண்மனையும்தான்.

சூப் வீசியவர்களைத் திட்டும் நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் நம் மேரி கட்டடம் ஏறத்தாழ கூர்பே காலத்தது. அதன் மீது யாரும் சூப் வீசவில்லை. பழுது பார்க்காமல் பல ஆண்டு கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று பெய்த மழையில் தானே இடிந்தது. பிறகு புதிதாகக் கட்டினார்கள். லூவ்ரும் தப்பவில்லை. 2016 ஜூனில் சேன் நதி பெருக்கெடுத்து, அருங்காட்சியகத்தை மூடி, நிலவறையில் இருந்த பொருள்களை அவசரமாக மேலே தூக்கினார்கள். வெள்ளத்துக்குப் பயந்துதான் வடக்கே லியேவேன் என்ற ஊரில் புதிய சேமிப்பகம் கட்டி 2019இல் திறந்தார்கள். வெள்ளத்தைத் தடுக்கக் குண்டு துளைக்காத கண்ணாடி போதாது.

தண்டனைக் கணக்கையும் பாருங்கள். ஓவியத்தையே வெட்டிய ரிச்சர்ட்சனுக்கு 6 மாதம். தூண் விழுந்ததற்குக் கூர்பேக்கு முதலில் 6 மாதம். சட்டத்தை மட்டும் கெடுத்த சூரியகாந்திப் பெண்களுக்கு 2024 செப்டம்பரில் ஒருவருக்கு 2 ஆண்டு, மற்றவருக்கு 20 மாதம். அந்தத் தண்டனையைச் சொன்ன சில மணி நேரத்தில் வேறு மூவர் போய் மறுபடி சூப் வீசினார்கள்.

என் முடிவு இது. பழம்பொருளைத் தொட்டுப் போராடுவது நியாயம் இல்லை. அது நாளைக்குப் பிறக்கப் போகிறவர்களின் சொத்து, பூமியைப் போலவே. நாளைய பிள்ளைகளின் பெயரால் பேசுகிறவர்கள் அவர்களுடைய சொத்தில் கை வைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெண்கள் கொடுத்த மனு தவறான பிரிவுக்குப் போயிருந்தாலும் மனு உண்மையானது. நல்ல குமாஸ்தா அப்படிப்பட்ட மனுவைக் கிழித்துப் போட மாட்டான். உரிய பிரிவுக்கு அனுப்பிவைப்பான். அது நம் தலைமுறை செய்ய வேண்டிய வேலை, இன்னும் நிலுவையில் இருக்கிறது.