தலைநகரில் நாங்கள் கண்ட மற்போர்

அந்தி சாயும் வேளையில் காலனிப் பூங்காவின் கல்லிருக்கையில் கூடும் முதியோர் எங்கள் நால்வரிடையே பழைய வழக்கு ஒன்று உண்டு. தாராசிங்கும் கிங்காங்கும் தில்லியில் மோதிய ஓர் இரவில், கிங்காங் தூக்கி எறியப்பட்டாரா, அன்றித் தாமே கால் இடறி வீழ்ந்தாரா என்பதே அவ்வழக்கு. தூக்கி எறிந்ததைக் கண்ணாரக் கண்டதாக ஒருவர் சாதிப்பார். நானூறு பவுண்டு உடலை எவராலும் அவ்வாறு தூக்க இயலாது என்பார் மற்றொருவர். அன்று எதிர்நின்றவர் கிங்காங்கே அல்லர் என்பது மூன்றாமவர் கட்சி. சென்ற குளிர்காலத்தில் இவ்வழக்கு உச்சத்தில் இருந்தபோது, அருகே பந்தாடிக் கொண்டிருந்த பேரன் ஒருவன், "தாத்தா, அதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடுவதுதானே? அதற்குப் போய்ச் சண்டையா?" என்று கேட்டுவிட்டு, விடைக்கும் காத்திராமல் பந்தோடு ஓடிவிட்டான். நாங்கள் நால்வரும் சற்று நேரம் வாய் திறக்கவில்லை.

அச்சிறுவனுக்கு ஒரு விடை சொல்லியாக வேண்டும் என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை. அவன் இதைப் படிப்பான் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. சங்க மலரில் அவன் வயதினர் தேடுவது தங்கள் நடனப் புகைப்படத்தை மட்டுமே. ஆயினும் சொல்ல வேண்டியதைச் சொல்லி வைப்போம்.

மற்போரும் அதைக் கண்டு வாதிடும் கூட்டமும் தமிழர்க்குப் புதியன அல்ல. புறநானூற்றைப் புரட்டுவோர் 80-ஆம் பாட்டில் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைக் காண்பர். தந்தை தித்தனோடு மாறுபட்டு, வேற்றூரில் வறுமையுற்று வாழ்ந்த இவ்விளவரசன், ஆமூர் மல்லனோடு கைகலந்து அவனை வீழ்த்தினான். அப்போரின் பிடிகளைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். எங்களுக்கோ அவரினும் நக்கண்ணையாரே நெருக்கமானவர். அவன்மேல் காதல் கொண்ட இப்பெண்பாற் புலவர், 85-ஆம் பாட்டில், அவ்வூர் அவனுக்குச் சொந்த ஊர் அன்று, அந்நாடும் அவனுடையதன்று, ஆகவே அவன் வென்றான் என்று ஒரு சாராரும் வெல்லவில்லை என்று மறு சாராரும் பேசினர் என்கிறார். பிறகு தாம் ஓடிச்சென்று ஒரு பனைமரத்தை ஒட்டி நின்று அவன் வெற்றியைக் கண்டதாகவும் கூறுகிறார். பூங்கா இருக்கையில் நாங்கள் தொடுக்கும் வழக்குக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை உண்டு என்பதைக் காட்டவே இதைக் குறிப்பிட்டோம்.

இனி, அண்மைக் காலத்திற்கு வருவோம். இந்திய மற்போரின் கதையைக் காமாவை விட்டுத் தொடங்க எவராலும் இயலாது. குலாம் முகம்மது என்னும் இயற்பெயருடைய காமா 1910-இல் இலண்டனுக்குச் சென்றார். உயரம் போதாது என்று அங்கே அவரைப் போட்டியில் சேர்க்கத் தயங்கினர். பின்னர் அமெரிக்கரான டாக்டர் ரோலரை வீழ்த்திய அவர், அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவை எதிர்த்தார். அப்போர் இரண்டரை மணி நேரத்திற்கும் மேல் நீண்டது. அதில் நடந்தது என்ன? ஸ்பிஸ்கோ பெரும்பொழுதும் தரையில் குப்புறக் கிடந்தார். காமா அவரைப் புரட்ட முயன்றுகொண்டே இருந்தார். கண்டவர்க்குக் கொட்டாவிதான் மிஞ்சியது. முடிவு எட்டாததால் ஒரு வாரம் கழித்து மீண்டும் மோதுவதென ஏற்பாடாயிற்று. அன்று ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பட்டம் காமாவுக்குச் சென்றது. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 1928 சனவரியில், பாட்டியாலா மகாராசாவின் ஏற்பாட்டில் அவ்விருவரும் மறுபடி சந்தித்தனர். இம்முறை போர் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. வெகு தொலைவிலிருந்து வந்து குழுமியவர்கள், தலைப்பாகையைச் சரிசெய்து நிமிர்வதற்குள் ஸ்பிஸ்கோ மல்லாந்திருந்தார்.

இவ்விரு போர்களையும் விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. இவை மெய்யான போர்கள். ஒன்று தாங்க முடியாத நீளம். மற்றொன்று கண் இமைக்கும் பொழுது. சீட்டு வாங்கி வரும் கூட்டத்திற்கு இவ்விரண்டையும் வாரந்தோறும் விற்க முடியுமா? அந்நாளில் விற்க வேண்டிய தேவையும் இல்லை. பயில்வானுக்குப் பாலும் நெய்யும் பாதாமும் அரண்மனையிலிருந்து வந்தன. தன் சமஸ்தானத்து மல்லன் வென்றால் அரசனுக்குப் பெருமை. அப்பெருமைக்கு அரசன் விலை கொடுத்தான்.

1947-இல் நாடு விடுதலை பெற்றது, பிரிவினையும் நேர்ந்தது. சமஸ்தானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தியாவுடன் இணைந்தன. மல்லர்க்குச் சோறிட்ட கைகள் மறைந்தன. காமா லாகூரில் தங்கிவிட்டார். இறுதி ஆண்டுகளில் நோயும் வறுமையும் அவரை வாட்டின. எல்லைக்கு இப்பாலிருந்து ஜி. டி. பிர்லா அவருக்கு உதவித்தொகை அனுப்பினார் என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. காமா 1960 மே 23 அன்று மறைந்தார்.

அமிருதசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் கிராமத்தில் 1928-இல் பிறந்த தாராசிங், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். அங்குள்ள 'கிரேட் வோர்ல்டு' என்னும் கேளிக்கைப் பூங்காவின் அரங்கில், ஹர்னாம் சிங்கிடம் தொழில் பழகினார். கடல் கடந்து சென்ற நம் தமிழ்த் தொழிலாளரும் வணிகரும் மாலைப் பொழுதைக் கழித்த அந்நகரில், மற்போர் நாடகத்தோடும் இராட்டினத்தோடும் சேர்ந்து ஒரு கேளிக்கையாகவே விளங்கியது. தாராசிங் கற்றது பிடிகளை மட்டுமன்று. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவனை இரண்டு மணி நேரம் இருக்கையில் இருத்தும் கலையையும் கற்றார். திரும்பி வந்து 1954-இல் பம்பாயில் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று 'ருஸ்தமே ஹிந்த்' பட்டம் பெற்றார். 1959-இல் கல்கத்தாவில் கனடா நாட்டு ஜார்ஜ் கார்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டமும் பெற்றார்.

கிங்காங்கின் கதை வேறு. எமில் சாயா என்பது அவர் இயற்பெயர். இன்று ருமேனியாவில் உள்ள பிராஷோவ் நகரில் 1909-இல் பிறந்தவர். 1933-இல் வெளிவந்த அமெரிக்கப் படத்தின் மாபெரும் குரங்கின் பெயரே இவருக்கும் நிலைத்தது. தாடியும், வயிறும், வெற்றுடம்பும், உறுமலுமாக அவர் மேடையேறினால் முன்வரிசைக் குழந்தைகள் தாயின் புடவைத் தலைப்பில் முகம் புதைப்பர். தாராசிங்கின் எடை அவரது எடையில் மூன்றில் இரண்டு பங்கைச் சற்றே தாண்டும். இந்த ஏற்றத்தாழ்வுதான் முதல் ஈர்ப்பு. இந்தியா முழுவதும் இவ்விருவர் பெயரும் சுவரொட்டிகளில் இணைந்தே நின்றன. சென்னையிலும் பிற தென்னாட்டு ஊர்களிலும், சற்றே உடல் பருத்த பையனைக் கிங்காங் என்றும், மார்பு விரித்து நடப்பவனைத் தாராசிங் என்றும் அழைக்கும் வழக்கம் அன்று தோன்றியதே.

தில்லியில் நாங்கள் கண்டது அறுபதுகளின் தொடக்கத்தில். எங்கள் தந்தையர் மத்திய செயலகத்தில் எழுத்தர்கள். லோதி காலனி, கோல் மார்க்கெட், வினய் நகர் எனச் சிதறிய குடியிருப்புகள். (வினய் நகருக்குச் சரோஜினி நகர் என்ற பெயர் பின்னரே வந்தது.) அப்பாமார்க்குக் குஸ்தி என்றாலே இளக்காரம். கச்சேரிக்குச் செல்லும் கால் அங்கே செல்லாது. எங்களை அழைத்துச் சென்றவர் அடுத்த வீட்டுப் பஞ்சாபியர். பிரிவினையின்போது லாயல்பூரை விட்டு ஒரு பெட்டியுடன் வந்தவர் அவர். அவருடைய இரு மகன்களுடன் எங்களையும் சேர்த்து டி.டி.யூ. பேருந்தில் ஏற்றிச் சென்றார். அந்நாளில் தெருவில் எங்களை எல்லாரும் 'மதராஸி' என்றே அழைத்தனர். அவ்வழைப்பில் அன்பு எவ்வளவு, ஏளனம் எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். அரங்கினுள் அப்பெயர் எழவே இல்லை. தாராசிங்கின் பெயரை நாங்களும் தொண்டை கிழியக் கூவினோம். முன்பின் அறியாத ஒருவர் வறுத்த கடலையைக் கை நிறைய அள்ளித் தந்தார். அங்கிருந்தவரில் பெரும்பாலோர்க்குத் தில்லி சொந்த ஊர் அன்று. அவருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. நக்கண்ணையார் பாட்டைப் பின்னாளில் பள்ளியில் படித்தபோது எங்களுக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் நால்வருள் மூவர் கட்சியை மட்டுமே மேலே சொன்னோம். நான்காமவர் இவ்வழக்கில் வாய் திறப்பதே இல்லை. அவர் அரங்கினுள் வரவே இல்லை என்பதை அண்மையில்தான் ஒப்புக்கொண்டார். சீட்டுக்குக் காசு இல்லாமையால் வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்று, எழும் ஆரவாரத்தைக் கொண்டே போரின் போக்கை ஊகித்தாராம். உள்ளே இருந்த எங்களைவிட அவருக்கே அந்த இரவு தெளிவாக நினைவிருக்கிறது.

பேரனின் வினாவுக்கு வருவோம். முன்னேற்பாடு இருந்ததா? இருந்தது. இதை மறைப்பதற்கில்லை. 1954-இல் பம்பாயில் தாராசிங்கிடம் தோற்ற டைகர் ஜோகிந்தர், 1955 நவம்பரில் டோக்கியோவில் கிங்காங்குடன் இணையாக நின்று, ஜப்பானின் ரிகிடோசானையும் ஹரால்டு சகாட்டாவையும் எதிர்த்தார். (இந்தச் சகாட்டாதான் 1964-இல் வந்த 'கோல்டுஃபிங்கர்' படத்தில் தொப்பியை வீசிச் சிலையின் தலையைக் கொய்தவர்.) இங்கே பகைவர், அங்கே பங்காளிகள். இவர்கள் யாவரும் ஒரே கப்பலில் பயணம் செய்யும் ஒரு நாடகக் குழுவைப் போன்றவர்களே. 1968 மே 29 அன்று பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று தாராசிங் உலகப் பட்டம் பெற்றார் என்று நாங்கள் இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம். தெஸ்ஸுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் முன்னேற்பாடு என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் பொய்யாக்கிவிட முடியாது. முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம். வீழ்ச்சி அப்படியன்று. நானூறு பவுண்டு உடல் பலகைமேல் விழுந்தால் அந்த எலும்புகள் மெய்யாகவே நோகும். மறுநாள் வேறோர் ஊரில், அதே உடலோடு மீண்டும் விழ வேண்டும். காமாவின் காலத்து மல்லன் ஆண்டுக்குச் சில முறை பொருதான். ஆண்டு முழுவதும் அரசன் ஊட்டினான். இவர்களோ பொருதால்தான் உண்ண முடியும். வாரத்தில் பல நாள் பொருத வேண்டியவன், ஒவ்வொரு நாளும் எதிரியின் தோளை முறிக்க முயன்றால் தொழில் ஒரு மாதம் தாங்காது. அரசர் போன பின் மல்லர் கண்ட பிழைப்பு இது. இதை ஏமாற்று என்பது எங்களுக்கு உடன்பாடன்று. கூத்தில் கர்ணன் சாவது மெய்யன்று என்று அறிந்தே நம் ஊரார் விடிய விடிய அழுதனர்.

மெய்யான மற்போரும் அதே தில்லியில், அதே காலத்தில், கூட்டமும் விளம்பரமும் இன்றி நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சப்ஜி மண்டிப் பக்கம் பிர்லா ஆலையின் ஆதரவில் 1925 முதல் குரு அனுமானின் அகாடா இயங்கி வந்தது. நம் ஊரில் கோதா என்போமே, அதுவே. எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்திய மண். விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கில் தண்டால், பஸ்கி. மாலையில் மீண்டும் அதுவே. மணம் புரியாமல், தம் மாணாக்கரையே மக்களாக வளர்த்தவர் குரு அனுமான். ஆசிய விளையாட்டில் 1982-இல் தில்லியிலேயே தங்கம் வென்ற சத்பால், காமன்வெல்த் போட்டியில் தங்கம் பெற்ற சுதேஷ் குமார், பிரேம்நாத் ஆகியோர் அம்மண்ணில் உருண்டவர்கள். 1999-இல் ஹரித்துவாருக்குச் செல்லும் வழியில் விபத்தில் உயிர் துறக்கும்வரை அவர் அகாடாவை விடவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்து மல்லரான சந்த்கி ராம் 1970-இல் பாங்காக்கில் தங்கம் வென்றவர். யமுனைக் கரையில் அகாடா அமைத்த அவர், ஊரார் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் பெண்களுக்கும் மற்போர் கற்பித்தார். ஜும்மா மசூதியை அடுத்த உருது பார்க்கில் ஞாயிறுதோறும் நடந்த குஸ்திக்குச் சீட்டே கிடையாது. இவற்றிற்கெல்லாம் நாங்கள் எத்தனை முறை சென்றோம்? இரண்டு அல்லது மூன்று முறை. தாராசிங் வந்தால் மட்டும் தவறாமல் சென்றோம். குறை மல்லரிடம் இல்லை.

கிங்காங் 1970-இல், மலேசியாவில் நேர்ந்த மோட்டார் விபத்தின் விளைவாகச் சிங்கப்பூரில் காலமானார். செய்தி கேட்டபோது, அவரைப் பார்த்துப் பல்லைக் கடித்த நாங்களே வருந்தினோம். தாராசிங் 1983-இல் இதே தில்லியில் தம் கடைசிப் பந்தயங்களை நடத்தி, ஓய்வை அறிவித்தார். நான்கே ஆண்டுகளில் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகத் தோன்றி, ஞாயிறு காலைகளில் நம் தெருக்களை வெறிச்சோடச் செய்தார். குஸ்தி என்றால் முகம் சுளித்த எங்கள் அன்னையர், அவர் திரையில் தோன்றியதும் கைகூப்பினர். பிறகு 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினராக இத்தலைநகரிலேயே அமர்ந்தார். தொண்ணூறுகளில் கேபிள் தொலைக்காட்சி வழியே அமெரிக்க மல்லர்கள் வீட்டுக்குள் புகுந்தனர். எங்கள் பிள்ளைகள் அவர்கள் படம் போட்ட சீட்டுக்கட்டுகளை வைத்து ஆடினர். அவர்களிடம் நாங்களும், "எல்லாம் முன்னேற்பாடுதானே" என்று சொல்லியிருக்கிறோம் என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

2012 சூலை 12 அன்று தாராசிங் மறைந்த செய்தி காலையிலேயே வந்துவிட்டது. அன்று மாலை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் பூங்காவுக்குச் சென்றோம். அந்தப் பஞ்சாபியரின் மூத்த மகனும், அவரும் இப்போது எங்களைப்போல் முதியவரே, தேடிக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை. கிங்காங் தூக்கி எறியப்பட்டாரா, இடறி வீழ்ந்தாரா என்று அவரிடம் கேட்டோம். அவர் அதற்கு நான்காவதாக ஒரு விடை சொன்னார்.