சென்னையில் உடற்கல்வி ஒரு பாடமான வரலாறு

சென்னை நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி, அடையாற்றின் அருகே அமைந்துள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென ஆசியாவில் எழுந்த முதல் நிறுவனமாக இது கருதப்படுகிறது. புத்தகக் காட்சி நடக்கும் மைதானம் என்றால் இன்று பலருக்கும் இடம் உடனே விளங்கும். உடற்பயிற்சி என்பது முறையாகப் படித்துத் தேற வேண்டிய துறை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேர்விட்டது இந்த நிறுவனத்தின் வழியாகத்தான்.

அதற்கு முன்பு பள்ளிகளில் இருந்தது 'டிரில்'. மாணவர்கள் வரிசையில் நின்று, கட்டளைக்கு ஏற்பக் கையையும் காலையும் அசைப்பார்கள். கற்பித்தவர்களில் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மிகுதி. சிலம்பமும் மல்யுத்தமும் சொல்லித்தந்த வாத்தியார்கள் பள்ளிச் சுவருக்கு வெளியே இருந்தார்கள். உடலைப் பற்றிய அறிவு டிரில் மாஸ்டரிடம் எதிர்பார்க்கப்படவில்லை. உரத்த குரலும் பிரம்பும் இருந்தால் போதும்.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்கரான ஹாரி குரோ பக். அவர் பயின்ற ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி, 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கிய இடம். உடல், மனம், ஆன்மா மூன்றும் சேர்ந்தே வளர வேண்டும் என்பது அங்கு நிலவிய கொள்கை. 1919இல் சென்னைக்கு வந்த பக், மறு ஆண்டே பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் கல்லூரியாக வளர்ந்த அந்தப் பள்ளியில் விளையாட்டுப் பயிற்சியோடு உடற்கூறு, உடலியங்கியல், கற்பிக்கும் முறை ஆகியவையும் பாடங்களாயின. ஒரு தசை எப்படிச் சுருங்குகிறது என்று தெரியாதவர் பிறருக்கு ஓடக் கற்றுத்தர முடியாது என்பதே இதன் அடிப்படை. அவருடைய மனைவி மேரி பக்கும் இப்பணியில் துணை நின்றார்.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு பக் மேலாளராக இருந்தார். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதிலும் அவருக்கும், மற்றொரு ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநரான நோரனுக்கும் பங்குண்டு. விளையாட்டு விதிகளைத் தொகுத்து பக் நூலாகவும் வெளியிட்டார். எழுதப்பட்ட விதி இருந்தால்தான் ஊருக்கு ஊர் மாறாமல் ஒரே ஆட்டத்தைக் கற்பிக்கவும் போட்டி நடத்தவும் முடியும். பக் 1943இல் மறைந்தார்.

விடுதலைக்குப் பின் அரசும் இத்துறைக்கு வந்தது. 1957இல் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியும், 1961இல் பயிற்றுநர்களுக்காகப் பாட்டியாலாவில் தேசிய நிறுவனமும் தோன்றின. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைந்தது. நந்தனம் கல்லூரி இப்போது அதன் இணைவில் உள்ளது.

இவ்வளவும் ஆசிரியருக்கான கல்வி. மாணவர் அதைப் பாடமாகப் படிக்கும் நிலை வெகு தாமதமாகவே வந்தது. இங்கிலாந்திலேயே உயர்நிலைத் தேர்வில் உடற்கல்வி இடம்பெற்றது 1980களில்தான். இந்தியாவில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் 11, 12ஆம் வகுப்புகளில் இதை விருப்பப் பாடமாக எடுக்கலாம். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 மதிப்பெண். பாடம் எளிது என்று நம்பிச் சேர்பவர்கள் நியூட்டனின் விதிகளையும் எறிபொருளின் பாதையையும் அங்கே சந்திக்கிறார்கள். குண்டு எறிபவர் ஏன் 45 பாகைக்குக் குறைவான கோணத்தில் விடுகிறார் என்பது நல்ல எடுத்துக்காட்டு: குண்டு தரையிலிருந்து அல்ல, தோள் உயரத்திலிருந்து கிளம்புகிறது, மேலும், செங்குத்தாகத் தள்ளத் தள்ள வீரரால் தரக்கூடிய வேகமும் குறைகிறது. இயற்பியலையும் தசையையும் சேர்த்து நினைத்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் பொதுப் பிரிவுகளில் கதை வேறு. கால அட்டவணையில் பி.டி. வகுப்பு உண்டு, பிளஸ் 2 மொத்த மதிப்பெண்ணான 600இல் அதற்குப் பங்கில்லை. மதிப்பெண் இல்லாத வகுப்பைத் தேர்வு நெருங்கும்போது கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வது பழகிப்போன வழக்கம். உடலியங்கியல் படித்துப் பட்டம் பெற்றுவந்த உடற்கல்வி ஆசிரியருக்குக் காலை வணக்கக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலையே பல பள்ளிகளில் மிஞ்சுகிறது. வணிகவியல் பிரிவில் படித்துவிட்டு உடற்கல்விப் பட்டப்படிப்பில் சேரும் மாணவர், எலும்புகளையும் தசைகளையும் பற்றி விரிவாகப் படிப்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான்.