குத்துமதிப்புக் கணக்கு (இயற்பியல்)

ஓர் அளவு பத்தா, நூறா, ஆயிரமா என்று பத்தின் அடுக்கில் கண்டறியும் முறை. துல்லியமாக அளக்க வழியில்லாதபோதும், அளப்பதற்கு முன்பும் இது உதவுகிறது. விடை இரண்டு மடங்கு பிசகினால் பாதகமில்லை. பத்து மடங்கு பிசகினால் தவறு.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், அண்டத்தை நிரப்ப எத்தனை மணல் துகள்கள் வேண்டும் என்று கணக்கிட்டார். 1-க்குப் பின் 63 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணைத் தாண்டாது என்றார். தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். 50 முள்ளுக்கு 60 சுளை. பூசணிக்காயின் விதைக்கும் கீற்றுகளை எண்ணும் சூத்திரம் உண்டு. ஏன் ஆறு, ஏன் ஐந்து என்பதற்குச் சூத்திரத்தில் விளக்கமில்லை. ஆனால் பழத்தை அறுத்துச் சரிபார்த்துவிடலாம்.

அறுத்துப் பார்க்க முடியாதவற்றில்தான் இயற்பியலாளரின் திறமை தெரியும். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது, என்ரிகோ ஃபெர்மி காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து விழவிட்டார். அதிர்வலை அவற்றை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் தள்ளியது. அதைக் கொண்டு, வெடிப்பின் வலிமை 10,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம் என்றார். பின்னர் வெளியான மதிப்பு சுமார் 21,000 டன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1953இல் சிக்காகோவில் ஃபெர்மியுடன் சேர்ந்து, நம் விண்மீன் மண்டலத்தின் சுருள்கையில் உள்ள காந்தப்புலத்தை மதிப்பிட்டார். விண்மீன் ஒளியின் முனைவாக்கம் எவ்வளவு சிதறுகிறது என்பதிலிருந்து கிடைத்தது ஒரு காஸில் (காந்தப்புலத்தின் அலகு) பத்து லட்சத்தில் 7.2 பங்கு. சுருள்கை விரியாமலும் சுருங்காமலும் நிற்கும் சமநிலையிலிருந்து கிடைத்தது 6 பங்கு. ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. இந்த முறையின் உயிர்நாடியே அதுதான். முதல் வழியை வானியலாளர்கள் இன்றும் கையாள்கிறார்கள்.

வகுப்புகளில், ஃபெர்மியின் பெயரால் வழங்கும் கேள்வி ஒன்று உலகெங்கும் சுற்றுகிறது: சிக்காகோவில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் எத்தனை பேர்? நம் பிள்ளைகளுக்கு அது அந்நியம். காஞ்சிபுரத்தில் கேட்க வேண்டியது வேறு: ஒரு பட்டுப்புடவைக்கு எத்தனை பட்டுக்கூடுகள்?

சரிகை நீங்கலாகப் பட்டு அரைக் கிலோ என்று கொள்வோம். ஒரு கிலோ கச்சாப்பட்டுக்குச் சுமார் 7 கிலோ கூடு வேண்டும். ஆகவே மூன்றரைக் கிலோ. ஒரு கூடு 1.7 கிராம் என்றால் ஏறத்தாழ 2,000 கூடுகள். இனி நீளத்தின் வழி. 20 டெனியர் இழை 9,000 மீட்டருக்கு 20 கிராம். அரைக் கிலோவில் 225 கிலோமீட்டர். ஓர் இழையில் எட்டுக் கூடுகளின் நூல் சேர்ந்தால் 1,800 கிலோமீட்டர். நல்ல கூட்டில் ஒரு கிலோமீட்டர் நூல் இருக்கும். ஆக 1,800 கூடுகள். சாயமேற்றும் முன் கோந்து நீக்குவதில் கால் பங்கு எடை போகிறது. அதைச் சேர்த்தாலும் 2,000 என்பது 2,700 ஆகுமே தவிர 20,000 ஆகாது.

பதினோராம் வகுப்பில் அளவீட்டியலைத் தொடங்கும் ஆசிரியர்கள், பாவும் ஊடையும் அறிந்த பிள்ளைகளிடம் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.